பழைய வண்டி கிளம்பவில்லையா? உதைப்பதை நிறுத்திவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள்

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணையில் வந்த வெள்ளமும் சேர்ந்துகொள்ள, கடலூரில் எங்கள் தெருவில் தண்ணீர் வடிய நாளாயிற்று. வடிந்த மறுநாள் காலையில் பக்கத்து வீட்டு வாசலில் கிக்கர் உதைக்கும் சத்தம் கேட்கத் தொடங்கியது. பத்து, இருபது, முப்பது என்று போய்க்கொண்டே இருந்தது. எட்டிப் பார்த்தால், தாத்தா விட்டுச் சென்ற 350 சிசி புல்லட்டோடு அந்த வீட்டுப் பையன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். சட்டை முழுக்க வியர்வை. காலில் ரப்பர் செருப்பு.

"தம்பி, போதும். உட்கார். பிளக் ஸ்பேனர் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

என்ஜினுக்குள் தீப்பொறி தட்டும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தேன். ஈரமாக இருந்தது. "பெட்ரோல் வருகிறது அண்ணா, அப்படியானால் ஸ்பார்க்தான் இல்லை" என்றான். முகர்ந்து பார்க்கச் சொன்னேன். பெட்ரோல் வாடை பெயருக்குத்தான் இருந்தது. அந்த ஈரத்தை விரலில் தொட்டு ஊதச் சொன்னேன். பெட்ரோலாக இருந்தால் விரல் சில்லென்று ஆகி, சில நொடிகளில் காய்ந்துவிடும். இது காயவில்லை. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் இருந்ததை ஒரு கண்ணாடிக் குவளையில் வடித்தோம். குவளையைச் சாய்த்தபோது அடியில் தனியாக ஒன்று உருண்டது. தண்ணீர். டேங்க் மூடியின் ரப்பர் வளையம் உளுத்துப்போய், நாள் கணக்கில் பெய்த மழை உள்ளே இறங்கியிருந்தது. ஆயிரம் முறை உதைத்திருந்தாலும் அந்த வண்டி கிளம்பியிருக்காது.

பழைய வண்டியைப் புதிதாகக் கையில் எடுப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். பத்து உதைக்கு மேல் வண்டி கிளம்பவில்லை என்றால் பதினோராவது உதை வேண்டாம். என்ஜினுக்குள் என்ன நடக்கிறது என்று காட்டக்கூடிய ஒரே சாட்சி பிளக். அதைக் கழற்றிப் பாருங்கள். அது சொல்கிற திசையில் போங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். காயிலுக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடும் பாயிண்டைத் தேய்த்து, கார்புரேட்டரில் காற்றின் அளவைச் சீராக்கும் ஏர் ஸ்க்ரூவைத் திருகி, பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டன்சரையும் புதிதாகப் போட்டபின் வண்டி கிளம்பினால், எது பழுதாக இருந்தது என்று உங்களுக்குத் தெரியவே தெரியாது. அடுத்த முறையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இந்தக் கட்டுரை பெரும்பாலும் பாயிண்ட் வைத்த பழைய வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட்டை மனதில் வைத்து எழுதியது. 1955-இல் சென்னையில் தொடங்கிய கதை அது. அந்த வண்டிகள்தான் நம் பக்கத்தில் இன்னும் வீட்டுக்கு வீடு திண்ணையோரம் நிற்கின்றன. ஜாவா, யெஸ்டி, ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான். வேறுபடும் இடங்களைப் பின்னால் சொல்கிறேன்.

உதைக்கும் முன்

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போடுங்கள். நல்ல காற்றோட்டமான இடம் வேண்டும். மூடிய ஷெட்டுக்குள் பெட்ரோல் வேலை பார்க்காதீர்கள். அருகில் விளக்கு, அடுப்பு, பீடி எதுவும் கூடாது. ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும். காலில் ஷூ போடுங்கள். புல்லட் எதிர் உதை உதைத்தால் கணுக்கால் தாங்காது.

சின்ன விஷயங்களை முதலில் பார்த்துவிடுங்கள். பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா? திறந்திருந்தால் ரிசர்வுக்கு மாற்றிப் பார்த்தீர்களா? சாவி முழுதாகத் திரும்பியிருக்கிறதா? ஹேண்டில்பாரில் என்ஜினை நிறுத்தும் சுவிட்ச் இருந்தால், துடைக்கும்போது கை பட்டு அது மாறியிருக்கலாம். வண்டி நியூட்ரலில் இருக்கிறதா? பழைய புல்லட்டில் கியர் வலக்காலிலும் பிரேக் இடக்காலிலும் இருக்கும். புதிதாக ஓட்டுபவர்கள் இதில் குழம்புவது இயல்பு. பல மாதம் நின்ற வண்டி என்றால், சாவியைத் திருப்பாமல் கிளட்சைப் பிடித்துக்கொண்டு கிக்கரை நாலைந்து முறை அழுத்துங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் கிளட்ச் பிளேட்டுகள் விடுபடும்.

அடுத்தது உதைக்கும் முறை. புல்லட்டை உடல் பலத்தால் கிளப்ப முடியாது. பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று தெரிந்து உதைத்தால் ஒல்லியான பெண்ணும் கிளப்பிவிடுவாள். என் தங்கை கிளப்புகிறாள்.

சாவியைத் திருப்பியதும் ஹெட்லைட்டுக்கு மேலே உள்ள அம்மீட்டரைப் பாருங்கள். பாயிண்ட் மூடியிருந்தால் ஊசி நடுவிலிருந்து கழித்தல் பக்கம் சற்று சாயும். இப்போது கிக்கரை மெதுவாகக் காலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் கல்லைப் போல் இறுகும். அதுதான் கம்ப்ரஷன், பிஸ்டன் உள்ளே இருப்பதை அழுத்தும் இடம். அங்கே இடக்கையால், அந்த அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஸர் லீவரை இழுத்து, ஊசி நடுவுக்கு வரும் வரை கிக்கரை இன்னும் கொஞ்சம் மட்டும் இறக்குங்கள். லீவரை விடுங்கள். கிக்கரை முழுதாக மேலே வர விடுங்கள். பிறகு ஆக்சிலேட்டரைத் தொடாமல், மேலிருந்து அடி வரை ஒரே நீளமான உதை. வெடுக்கென்று வெட்டக் கூடாது. கிணற்றில் வாளியை இறக்குவதைப் போல, இடையில் தடைபடாமல் முழு எடையும் இறங்க வேண்டும்.

கலவையில் பெட்ரோலை அதிகமாக்கும் சோக்கைக் குளிர்ந்த என்ஜினுக்கு மட்டும் போடுங்கள். ஓடி நிறுத்திய சூடான வண்டிக்குச் சோக் போட்டால் பெட்ரோல் அதிகமாகி, பிளக் நனைந்து, கிளம்பவே கிளம்பாது. அப்படி நனைந்துவிட்டால் டேப்பை மூடி, சோக்கை எடுத்து, சாவியை அணைத்து, ஆக்சிலேட்டரை முழுதாகத் திறந்து, டீகம்ப்ரஸரைப் பிடித்துக்கொண்டு ஏழெட்டு முறை உதையுங்கள். உள்ளே தேங்கியது வெளியேறும். ஐந்து நிமிடம் விட்டு, சாவியைத் திருப்பி முறையாக உதைத்துப் பாருங்கள்.

பிளக் சொல்வது

பிளக்கைச் சுற்றி மணலும் தூசியும் ஒட்டியிருக்கும். கழற்றும் முன் ஒரு பழைய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். கடற்கரை ஊரில் இது கட்டாயம். ஒரு மணல் துணுக்கு உள்ளே விழுந்தாலும் சிலிண்டரில் கோடு போட்டுவிடும்.

கழற்றிய பிளக்கை வெயிலில் பிடித்துப் பாருங்கள். முனை காய்ந்து, பெட்ரோல் வாடையே இல்லாமல் இருந்தால் பெட்ரோல் என்ஜினுக்குள் வரவில்லை. கார்புரேட்டர் பக்கம் போங்கள். பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. ஸ்பார்க் பக்கம் போங்கள். நனைந்தது காயாமல் இருந்தால் எங்கள் தெருப் பையனின் கதைதான். முனை கரிபூசி மை போல இருந்தால் கலவையில் பெட்ரோல் அதிகம்: சோக்கை எடுத்தபிறகும் அது முழுதாக விடுபடாமல் இருக்கலாம், ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம். காபிக்கொட்டை போலப் பழுப்பாக இருந்தால் அதுவரை என்ஜின் நன்றாக ஓடியிருக்கிறது, பழுது புதிதாக வந்தது.

துடைத்த பிளக்கை அதன் தொப்பியில் மீண்டும் செருகி, பிளக்கின் இரும்பு உடல் சிலிண்டர் தலையின் வெறும் உலோகத்தில் நன்றாகப் படும்படி வையுங்கள். பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி வையுங்கள், உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கும். அருகில் சிந்திய பெட்ரோலைத் துடைத்து, அந்தத் துணியைத் தூரப் போட்டுவிடுங்கள். சாவியைத் திருப்பி, கிக்கரை அழுத்துங்கள். பிளக்கைக் கையால் பிடிக்காதீர்கள், உலுக்கி எடுத்துவிடும்.

நீலமாக, தடித்து, 'டிக்' என்ற சத்தத்தோடு பாய்ந்தால் ஸ்பார்க் நன்றாக இருக்கிறது. மஞ்சளாக, நூல் போல வந்தால் போதாது. திறந்த வெளியில் எப்படியோ தாண்டும் அந்த ஸ்பார்க், சிலிண்டருக்குள் கம்ப்ரஷன் அழுத்தத்தில் தாண்டாது. நிழலில் வைத்துப் பாருங்கள். நம் ஊர் நண்பகல் வெயிலில் நல்ல ஸ்பார்க்கே கண்ணுக்குத் தெரியாது.

ஸ்பார்க் வரவில்லை என்றால் முதலில் புதிய பிளக் ஒன்றை வைத்துப் பாருங்கள். வண்டியில் எப்போதும் ஒரு புதுப் பிளக் இருக்க வேண்டும், முனை இடைவெளி ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அதிலும் இல்லை என்றால் தொப்பியைத் திருகிக் கழற்றி, மின்னழுத்தத்தை உயர்த்தும் காயிலிலிருந்து வரும் ஒயரின் நுனியை மரக்கட்டையிலோ காய்ந்த பிளாஸ்டிக் குழாயிலோ கட்டி, உலோகத்திலிருந்து ஐந்தாறு மில்லிமீட்டர் தள்ளிப் பிடித்து உதைத்துப் பாருங்கள். இப்போது பாய்ந்தால் தொப்பிதான் போய்விட்டது. சிறு செலவில் முடிந்தது.

மின்சாரம் எங்கே நின்றது

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. புதியவர்கள் மிகவும் பயப்படுவதும் இதற்குத்தான். பயப்பட ஒன்றுமில்லை. பேட்டரியிலிருந்து பிளக் வரை ஒரே பாதை: பேட்டரி, பியூஸ், சாவி சுவிட்ச், காயில், பாயிண்ட். பாயிண்ட் திறக்கும் கணத்தில் காயிலில் மின்னழுத்தம் எகிறிப் பிளக்கில் பாய்கிறது. பாதையில் எந்த இடத்தில் மின்சாரம் நின்றுவிட்டது என்று தேடுவதுதான் வேலை.

அம்மீட்டர் இதில் பாதியைச் சொல்லிவிடும். சாவியைத் திருப்பிக் கிக்கரை மெல்ல மெல்ல இரண்டு மூன்று சுற்று அழுத்துங்கள். ஊசி கழித்தல் பக்கத்துக்கும் நடுவுக்கும் மாறி மாறி ஆடினால் பாயிண்ட் திறந்து மூடுகிறது, அதுவரை மின்சாரம் வருகிறது. ஊசி கழித்தலிலேயே சாய்ந்து கிடந்தால் பாயிண்ட் திறக்கவே இல்லை, அல்லது ஒயர் எங்கோ உடலில் உரசுகிறது. நடுவிலேயே அசையாமல் நின்றால் பேட்டரி, பியூஸ், சாவி, கழன்ற ஒயர், அழுக்குப் படிந்த பாயிண்ட் இவற்றில் ஒன்று. அம்மீட்டரே வேலை செய்யாத வண்டிகள் ஏராளம். அப்போது ஹெட்லைட்டைப் போட்டு, ஹார்னை அழுத்துங்கள். விளக்கு மங்கி, ஹார்ன் முனகினால் பேட்டரிக்கு உயிர் இல்லை.

பாயிண்ட் வைத்த புல்லட்டில் பேட்டரி செத்தால் ஸ்பார்க்கும் செத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். முழு சார்ஜில் உள்ள 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் அளவு காட்டும். 12-க்குக் கீழே போயிருந்தால் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. மிகப் பழைய வண்டிகள் 6 வோல்ட். அவற்றில் சிலவற்றில் பாசிட்டிவ் முனைதான் வண்டி உடலோடு எர்த் ஆகியிருக்கும். புதுப் பேட்டரி மாட்டும் முன் பழையது எப்படி மாட்டியிருந்தது என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். முனைகளை மாற்றிக் கொடுத்து, பேட்டரிக்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றும் ரெக்டிஃபையரை எரித்தவர்களை எனக்குத் தெரியும்.

பேட்டரி முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கிறதா? நம் உப்புக்காற்றின் வேலை அதில் பாதி. தேவனாம்பட்டினத்திலும் முத்தியால்பேட்டையிலும் கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் நிற்கும் வண்டிகளில் பேட்டரி முனை மட்டுமல்ல, ஒயர் செருகும் ஒவ்வோர் இடமும் இப்படித்தான் பூக்கும். சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள். வண்டி உடலில் எர்த் ஒயர் திருகியிருக்கும் இடத்தை மறக்காதீர்கள். அங்கே பெயின்டுக்கு அடியில் துரு பிடித்திருக்கும். சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிந்தபின் திருகுங்கள். "காரணமே தெரியாமல் நிற்கிறது" என்று என்னிடம் வந்த வண்டிகளில் எர்த் ஒயரால் நின்றவைதான் அதிகம்.

இனிப் பாயிண்ட். என்ஜினின் வலப்பக்கம் உள்ள சிறிய வட்ட மூடியைக் கழற்றினால் இரண்டு சிறு உலோகப் பொட்டுகள் முத்தமிட்டுப் பிரிவதைப் பார்க்கலாம். என்ஜினைச் சுற்றி, பொட்டுகள் மூடியிருக்கும் நிலையில் நிறுத்துங்கள். சாவியைத் திருப்பி, பிளாஸ்டிக் பிடியுள்ள சிறு திருப்புளியால் பொட்டுகளை மெல்லப் பிரியுங்கள். நடக்கக்கூடியது மூன்றில் ஒன்று. பொட்டுகளுக்கிடையே ஒன்றுமே தெரியவில்லை என்றால் மின்சாரம் அங்கே வந்து சேரவில்லை, அல்லது பொட்டில் எண்ணெய்ப் படலம். சிறு நீலப் பொறி தட்டினால் அதுவரை நலம், பிளக்கில் மட்டும் வரவில்லை என்றால் காயிலையோ அதன் ஒயரையோ சந்தேகியுங்கள். கொழுத்த பொறி பொறிந்து தள்ளி, பொட்டுகளும் கருகிப் பள்ளம் விழுந்திருந்தால் கண்டன்சர் போய்விட்டது. கண்டன்சரைப் பரிசோதிக்க எளிய வழி, நல்லது என்று தெரிந்த ஒன்றை மாட்டிப் பார்ப்பதுதான்.

பொட்டு அழுக்காக இருந்தால் மிக நைசான உப்புத்தாளை மடித்து இடையில் வைத்து இரண்டு மூன்று முறை மட்டும் இழுங்கள். பிறகு வெள்ளைத்தாள் துண்டு ஒன்றை இழுத்துத் தூளைத் துடையுங்கள். தாளில் கறுப்பு வராத வரை இழுங்கள். அரம் போட்டு ராவாதீர்கள். ஒரு பட்டறையில் என் வண்டியின் பாயிண்டை ராவி, பொட்டு கோணலாகி, இரண்டே மாதத்தில் புதிது வாங்க நேர்ந்தது.

துடைத்தபின் இடைவெளி. என்ஜினைச் சுற்றி, பொட்டுகள் அதிகமாக விரிந்து நிற்கும் இடத்தில், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான பீலர் கேஜால் அளந்து பாருங்கள். 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். பீலர் கேஜ் இல்லாமல் நடுவழியில் நின்றுவிட்டால், தடித்த விசிட்டிங் கார்டு ஒன்று வீடு வந்து சேரும் அளவுக்கு உதவும். இடைவெளி மாறினால் ஸ்பார்க் பாயும் நேரமான டைமிங்கும் சற்று மாறும் என்பதை நினைவில் வையுங்கள். பொட்டைத் தாங்கும் தட்டை மொத்தமாகச் சுழற்றாதீர்கள், அதுதான் டைமிங். அந்தத் தட்டு முன்பு எங்கே இருந்தது என்று திருப்புளியால் ஒரு சிறு கோடு கிழித்து வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று. வேலை முடியும்வரை சாவியைத் திருப்பியபடியே விட்டுவிடாதீர்கள். பாயிண்ட் மூடியிருந்தால் காயில் சூடேறி வெந்துபோகும், பேட்டரியும் இறங்கும். காலையில் கிளம்பி, முக்கால் மணிநேரம் ஓடி, பாகூர் தாண்டுவதற்குள் நின்று, ஆறியதும் மறுபடி கிளம்புகிற வண்டியில் காயிலோ கண்டன்சரோ சூட்டில் பழுதாகிறது. அதை ஆறிய நிலையில் சோதித்தால் தெரியாது. நின்ற இடத்திலேயே, சூடாக இருக்கும்போதே பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் பாருங்கள். இரவில் ஸ்பார்க் விட்டுவிட்டு வருகிறது என்றால் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுக் காயில் ஒயரைப் பாருங்கள். வெடித்த ஒயரிலிருந்து நீலப்பொறி என்ஜினுக்குத் தாவுவது கண்ணுக்குத் தெரியும்.

பெட்ரோல் வரும் வழி

ஸ்பார்க் நன்றாக இருந்து பிளக் மட்டும் காய்ந்திருந்தால் கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் டியூபை உருவி, ஒரு பாட்டிலுக்குள் விட்டு டேப்பைத் திறந்துவிடுங்கள். தாராளமாக ஒழுக வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் டேப்பின் வலை அடைத்திருக்கிறது. முதலில் நன்றாக ஒழுகிக் கொஞ்ச நேரத்தில் நின்றால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போய், மறுபடி ஒழுகினால் மூடியில் உள்ள காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. ஊசியால் குத்திவிட்டால் போதும்.

வந்த பெட்ரோலை முகர்ந்து பாருங்கள். பல மாதம் கிடந்த பெட்ரோலில் பழைய வார்னிஷ் வாடை அடிக்கும். அதை வடித்துவிட்டுப் புதிதாக இரண்டு லிட்டர் ஊற்றுங்கள். புதுச்சேரியில் விலை குறைவு என்பதால் கடலூர்க்காரர்கள் பலர் முள்ளோடை எல்லை தாண்டிப் போய் டேங்க் வழிய நிரப்பி வருகிறோம். தினமும் ஓடும் வண்டிக்கு அது சரி. மாதத்தில் ஒரு நாள் எடுக்கும் பழைய வண்டிக்கு அந்தச் சிக்கனம் நல்லதல்ல. இப்போது பங்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனால் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். நம் கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. இழுத்த ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் படியும். டேப்பின் வாய் இருப்பதும் அங்கேதான். பழைய ரப்பர் டியூப்களும் வளையங்களும் இந்தப் பெட்ரோலில் ஊறி இளகும், வெடிக்கும். எத்தனாலைத் தாங்கும் டியூபை வாங்கி மாற்றிவிடுங்கள்.

பெட்ரோல் டியூபில் நன்றாக வருகிறது, பிளக் மட்டும் காய்கிறது என்றால் கார்புரேட்டரைத் திறக்கத்தான் வேண்டும். டேப்பை மூடி, அடிக்கிண்ணத்தின் திருகுகளைக் கழற்றி, கிண்ணத்தை ஒரு வெள்ளைத் தட்டின் மேல் இறக்குங்கள். விழுவதெல்லாம் தட்டில் விழட்டும். கிண்ணத்தின் அடியில் செந்தூளாகத் துருவும், பிசின் போன்ற படிவும் இருந்தால் டேங்கும் துருப்பிடித்திருக்கிறது. மிதவை லேசாக ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள். மிதவையை எடுத்துக் காதருகே ஆட்டுங்கள். உள்ளே தண்ணீர் அலம்புவது போலச் சத்தம் கேட்டால் அது ஓட்டை.

பெட்ரோலை அளந்துவிடும் துளையுள்ள திருகுகள்தான் ஜெட். பெரிய ஜெட்டைவிடச் சிறிய ஜெட்தான் வண்டி கிளம்புவதைத் தீர்மானிக்கிறது. பைலட் ஜெட் என்பார்கள். அதன் துளை மயிரிழை அளவுதான். கழற்றி வானத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வட்டமான ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அடைப்பு. கம்பியோ குண்டூசியோ விட்டுக் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிட்டால் ஜெட் வீண். நான் பயன்படுத்துவது தூண்டில் நரம்பு. கடலூர் துறைமுகம் பக்கம் வலைக்கடைகளில் எல்லாப் பருமனிலும் கிடைக்கும். இருப்பதிலேயே மெல்லிய நைலான் நரம்பைச் சாய்வாக வெட்டி, பெட்ரோலில் நனைத்து, துளையில் விட்டு இழுத்தால் பிசின் கழன்று வரும். பிறகு காற்றடித்து மறுபடி வெளிச்சத்தில் பாருங்கள். ஜெட்டை மாட்டும்போது இறுக்கி முறுக்காதீர்கள்.

ஏர் ஸ்க்ரூவை எடுப்பதாக இருந்தால், முதலில் அது உள்ளே எத்தனை சுற்றுப் போகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். குறிக்கத் தவறினால், மெல்ல முழுதாக உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து அங்கிருந்து தொடங்கலாம்.

கம்ப்ரஷன்

ஸ்பார்க் நீலம், பிளக்கில் பெட்ரோல் ஈரம், டைமிங்கை யாரும் தொடவில்லை. அப்படியும் கிளம்பவில்லை என்றால் பிளக் ஓட்டையைக் கட்டை விரலால் அழுத்தி மூடி, சாவியை அணைத்து, கிக்கரை அழுத்தச் சொல்லுங்கள். விரலைத் தள்ளிவிட வேண்டும். தள்ளவில்லை என்றால் முதலில் டீகம்ப்ரஸர் கேபிளைப் பாருங்கள். கேபிள் இறுகி, அந்தச் சிறு வால்வு எப்போதும் திறந்தே இருக்கலாம். அடுத்து, வால்வைத் திறக்கும் அமைப்பான டேப்பட். என்ஜின் ஆறியிருக்கும்போது, வால்வுகள் இரண்டும் மூடிய நிலையில், வால்வுகளைத் திறக்க உதவும் நீண்ட கம்பிகளான புஷ்ராடுகள் விரலால் தடையின்றிச் சுழல வேண்டும், ஆனால் மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. சுழலவில்லை என்றால் வால்வு முழுதாக மூடவில்லை. இதற்கு மேல் உள்ளவை ரிங், வால்வு, சிலிண்டர் வேலைகள். அவற்றுக்குப் பட்டறைதான்.

டூஸ்ட்ரோக் வைத்திருப்பவர்களுக்கு

ஜாவா, யெஸ்டி வண்டிகள் 1961 முதல் 1996 வரை மைசூரில் உருவானவை. கியர் லீவரையே மடக்கிக் கிக்கராக்கும் அந்த ஏற்பாட்டைப் புதியவர்கள் நண்பர் ஒருவரிடம் நேரில் கற்றுக்கொள்வது நல்லது. இவ்வகை வண்டிகளில் பெட்ரோலோடு ஆயிலும் எரிவதால் பிளக் சீக்கிரம் நனையும், கரிபிடிக்கும். இரண்டு பிளக் உதிரியாக வையுங்கள். நீண்ட நாள் நின்ற வண்டியில் டேப்பை மூட மறந்திருந்தால் பெட்ரோல் வடிந்து என்ஜின் அடியில் தேங்கியிருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு, சாவியை அணைத்து, டேப்பை மூடி, ஆக்சிலேட்டரைத் திறந்து பத்துப் பதினைந்து முறை கிக்கரை அழுத்தி வெளியேற்றுங்கள். சைலன்சர் உள்ளே கரி அடைத்தாலும் வண்டி கிளம்பத் திணறும்.

ஆர்எக்ஸ் 100-இல் பாயிண்ட் கிடையாது, அதற்குப் பதில் சிடிஐ என்ற மின்னணுப் பெட்டி. பேட்டரி இறங்கியிருந்தாலும் ஸ்பார்க் வரும். வரவில்லை என்றால் சாவி சுவிட்ச்சிலிருந்து சிடிஐக்கு வரும் ஒயரைக் கழற்றிவிட்டு உதைத்துப் பாருங்கள். இப்போது வந்தால் உப்புக்காற்றில் சாவி சுவிட்ச் உள்ளே கெட்டிருக்கிறது.

வண்டியில் வைத்திருக்க வேண்டியவை

பிளக் ஸ்பேனர், புதுப் பிளக், திருப்புளி, நைஸ் உப்புத்தாள், ஒரு கண்டன்சர், உதிரிப் பியூஸ், ஒரு முழம் பெட்ரோல் டியூப், ஒரு சுற்றுத் தூண்டில் நரம்பு, பழைய துணி. புதுச்சேரி காந்தி வீதி ஞாயிறு சந்தையில் பழைய ஸ்பேனர்கள் நல்லவையாகவே கிடைக்கின்றன. கருவிகளை அங்கே வாங்கலாம். கண்டன்சர், காயில் போன்ற மின்சார உதிரிகளைப் பழையதாக வாங்காதீர்கள். வெளியே பார்த்தால் நல்லதும் கெட்டதும் ஒன்று போலவே இருக்கும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு, புரட்டாசியிலேயே, டேங்க் மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றுங்கள். பிளக் தொப்பியின் வாய்ப்பகுதியில் கிரீஸ் தடவுங்கள். மழை மாதங்களில் வண்டியை எடுக்கப்போவதில்லை என்றால் டேப்பை மூடி, கார்புரேட்டர் கிண்ணத்தை வடித்து வையுங்கள். தெருவில் தண்ணீர் ஏறி, வண்டியின் சைலன்சர் முங்கியிருந்தால், தண்ணீர் வடிந்ததும் முதல் வேலையாக உதைக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, என்ஜின் ஆயிலைச் சிறிது வடித்துப் பாருங்கள். மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. ஆயில் முழுவதையும் மாற்றிய பிறகுதான் கிக்கர்.

உங்களால் முடிந்தவரை பார்த்தாயிற்று, இன்னும் கிளம்பவில்லை. அல்லது ஒவ்வோர் உதைக்கும் கிக்கர் காலை எதிர்த்துத் தள்ளுகிறது. எதிர்த்துத் தள்ளுகிறது என்றால் டைமிங் முந்திப்போயிருக்கிறது. உதைப்பதை அங்கேயே நிறுத்துங்கள். வண்டியைக் குட்டியானையில் ஏற்றி, பாயிண்ட் வண்டி பார்க்கத் தெரிந்த மூத்த மேஸ்திரி ஒருவரிடம் கொண்டுபோங்கள். "கிளம்பவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஸ்பார்க் என்ன நிறம், அம்மீட்டர் ஊசி ஆடுகிறதா, எதை எதை மாற்றினீர்கள், கடைசியாக வண்டி ஓடியது எப்போது என்று வரிசையாகச் சொல்லுங்கள். பழைய பிளக்கைத் துடைக்காமல் தாளில் சுற்றி எடுத்துப்போங்கள். அவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.